ரோகிணிக்கு முன்னால் பன்னிரண்டு நிமிடம்

எப்போதும் அரை மணித்தியாலம் பிந்தி வரும் என் ஆசை மாமாவுக்கு,

நான் இப்போது நிம்மதியாக இருக்கிறேன். அதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றக் கதை. நீங்கள் போன நாளிலிருந்து ஒரு வரிகூட எழுதாதவள் இன்றைக்குத் திடீரென்று எழுதுகிறாளே, என்ன கரைச்சலோ என்று பதறவேண்டாம். கரைச்சல் முடிந்துவிட்டது. உங்களோடு சண்டை பிடிக்க ஒரு விஷயம் கிடைத்திருக்கிறது, அதற்காகத்தான் எழுதுகிறேன்.

இதை மற்றவர்களும் வாசிக்கப் போகிறார்கள் மாமா. ஆகவே உங்களை யாரென்று சொல்லவேண்டும், கோபிக்காதீர்கள். நீங்கள் என் அம்மாவின் ஒரே தம்பி. கொக்குவிலில் லவுட்ஸ்பீக்கர் வாடகைக்கு விட்டவர். ஊரில் எந்தக் கோயில் கொடியேறினாலும் முதல்நாளே பனையில் ஏறிக் குழாயைக் கட்டிவிட்டு, "ஹலோ, மைக் டெஸ்டிங்" என்று ஊரை எழுப்புகிறவர். எங்கே போனாலும் சோடாவும் கடலையும் வாங்கி வருகிறவர். எங்கே போனாலும் பிந்தி வருகிறவர்.

பிந்தி வந்ததற்குக் காரணம் சோம்பல் இல்லை, பிடிவாதம். நான் பிறந்த காலத்தில் எங்கள் நாட்டில் இரண்டு நேரம் இருந்தது. அரசாங்கம் மணிக்கூட்டை அரை மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளிவைத்திருந்தது. பள்ளிக்கூடம், அரசாங்கக் கந்தோர், ஆஸ்பத்திரி எல்லாம் அந்தப் புது நேரம். கோயில்கள் பழைய நேரத்தை விட்டு அசையவில்லை. யார் என்ன நேரம் சொன்னாலும், "பழைய நேரமோ, புது நேரமோ?" என்று திருப்பிக் கேட்காமல் ஒருவரும் வெளிக்கிட மாட்டார்கள். உங்களுக்குக் கோயில் வேலை. கையில் கட்டியிருந்த மணிக்கூட்டை நீங்கள் ஒருநாளும் மாற்றவில்லை. பல வருடம் கழித்து நாடே பழைய நேரத்துக்குத் திரும்பியபோது, "பாத்தியளே, அவங்களே என்ரை நேரத்துக்கு வந்திட்டாங்கள்" என்று வீடு வீடாகச் சொல்லித் திரிந்தீர்கள். அது எனக்கே ஞாபகம் இருக்கிறது.

சரி, இனி என் கதை.

என்னுடைய சாதகத்தில் நட்சத்திரம் ரோகிணி என்று எழுதியிருந்தது. ரோகிணியில் பிறக்கும் பிள்ளையால் தாயின் சகோதரனுக்குக் கூடாது என்று எங்கள் ஆட்களுக்கு ஒரு பயம். அப்படிப் பிள்ளை பிறந்தால் மாமன் அதன் முகத்தை நேரே பார்க்கக்கூடாதாம். ஒரு கிண்ணத்தில் நல்லெண்ணெயை விட்டு, அதில் விழுகிற முகத்தைத்தான் முதலில் பார்க்கவேண்டுமாம். நீங்களோ என் நட்சத்திரம் என்னவென்று தெரியுமுன்பே ஆஸ்பத்திரியில் என்னைத் தூக்கிக் கொஞ்சிவிட்டீர்கள். தெரிந்த பிறகாவது கேட்டீர்களா? அம்மா எண்ணெய்க் கிண்ணத்தோடு வாசலில் நிற்க, "எண்ணெயைக் கறிக்கு விடு அக்கா, வீணாக்காதை" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தீர்களாம்.

எனக்கு ஒன்பது வயதானபோது நீங்கள் விழுந்தீர்கள். காலைவேளை, வயர்ச் சுருளைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு நின்றவர் அப்படியே முற்றத்தில் சரிந்துவிட்டீர்கள் என்றார்கள். மாரடைப்பு. செத்தவீட்டில் நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். சொந்தக்காரப் பெண் ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம், "ரோகிணியெல்லே, தன்ரை மாமனைக் கொண்டு போயிட்டாள்" என்றார். என்னைத்தான் சொல்கிறார் என்று விளங்க எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

அன்று பின்னேரம் அம்மாவிடம் கேட்டேன். "அம்மா, நானோ மாமாவைக் கொண்டு போனது?" அம்மா ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. என்னை இழுத்து இருத்தித் தலையை இழுத்துப் பின்னிவிட்டார். அந்தப் பின்னல் இறுக்கமாக இருந்தது.

மாமியும் என்னை ஒருநாளும் ஏசவில்லை. ஏசியிருந்தால் நானும் திருப்பி ஏசியிருப்பேன், வாய்க்கு எனக்கென்ன குறை? ஆனால் நல்லது கெட்டது என்று வரும்போது என்னை மெல்ல ஒதுக்கிவைப்பார். உங்கள் மகள் தாரணியின் கலியாணத்தில் நான்தான் தோழியாக நிற்பேன் என்று அவளும் நானும் பள்ளிக்கூட நாளிலேயே பேசிவைத்திருந்தோம். மாமி என் கையைப் பிடித்து, "பிள்ளை, நீ சாப்பாட்டுப் பந்தியைப் பார், உன்னை விட்டா ஆர் இருக்கினம்?" என்றார். நானும் பந்தியைப் பார்த்தேன். வாளியும் கரண்டியுமாக நின்று தாலி கட்டுகிற மேளம் கேட்டேன் மாமா.

இதில் வேடிக்கை என்னவென்றால், நான் விஞ்ஞானம் படிப்பிக்கிற ரீச்சர். ரோகிணி என்பது தனி ஒரு செம்மஞ்சள் நட்சத்திரம் என்று தெரியும். சூரியனைப்போல நாற்பது மடங்குக்கு மேல் அகலம் என்று தெரியும். வானத்துக் கணக்கில் அது எங்களுக்கு அயல்வீடுதான், ஆனால் அந்த அயல்வீட்டிலிருந்து வெளிச்சம் வந்துசேர ஏறக்குறைய அறுபத்தைந்து வருடம் வேண்டும். நான் பிறந்த நாளில் இங்கே வந்து விழுந்த வெளிச்சம், நீங்கள் பிறப்பதற்கு எத்தனையோ வருடத்துக்கு முன் அங்கிருந்து புறப்பட்டது. அதற்கு உங்களை எப்படித் தெரியும்? கொக்குவிலில் லவுட்ஸ்பீக்கர்காரர் ஒருவர் இருப்பார் என்று யார் போய்ச் சொன்னது? இவ்வளவும் தெரிந்துகொண்டு, பிள்ளைகளுக்கு வானம் காட்டும்போது கார்த்திகைக் கூட்டத்தைக் காட்டுவேன், திருவாதிரையைக் காட்டுவேன், இரண்டுக்கும் நடுவே பளிச்சென்று நிற்கிற அதை மட்டும் தாண்டிப் போய்விடுவேன். அறிவு ஒரு பக்கம் இருந்தது, பயம் வேறொரு பக்கம் இருந்தது. இரண்டுக்கும் இடையில் கதைபேச்சு இல்லை.

போன மாதம் ஒரு சனிக்கிழமை தாரணி ஃபோன் எடுத்தாள். அவளுக்கு நிறைமாதம். சுன்னாகத்தில் மாமியோடு இருந்தாள்.

"மச்சாள், டொக்டர் வாற வியாழக்கிழமை ஒப்பரேசன் எண்டிட்டார். பிள்ளை கால் கீழையாய் இருக்குது, தண்ணியும் குறையுதாம். அம்மா கலண்டரைப் பாத்திட்டு ஒரே அழுகை. அண்டைக்கு ரோகிணியாம். ரெண்டு நாள் தள்ளிப் போடச் சொல்லி ஒற்றைக்காலிலை நிக்கிறா."

"டொக்டர் என்ன சொல்லுறார்?"

"தள்ளக்கூடாதாம். பிள்ளைக்குப் பாரதூரமாப் போகலாமாம்."

"கஜன் என்ன சொல்லுறான்?"

"அவன் சிரிக்கிறான். அதுக்கும் அம்மா அழுகிறா."

கஜன் உங்கள் மகன் மாமா. நீங்கள் போகும்போது இரண்டு வயது. இப்போது மீசை வைத்திருக்கிறான். தாரணியின் பிள்ளைக்கு அவன்தானே தாய்மாமன்? மாமிக்கு அதுதான் பயம். புருசனை ஒரு ரோகிணி கொண்டுபோனது, மகனை இன்னொரு ரோகிணி கொண்டுபோகும். அந்தப் பயத்தில் வயிற்றுப்பிள்ளையை ஆபத்தில் விடுகிறார். அதற்கு முழுக்காரணமும் நான் பிறந்த பிறப்புத்தான் என்று ஃபோனைப் பிடித்தபடியே நினைத்துக்கொண்டேன்.

"உன்ரை ஃபோனிலை சாதகம் பாக்கிற ஆப் இருக்குதெல்லே? ஒருக்காப் பாரன், உண்மையா ரோகிணிதானோ எண்டு" என்றாள் தாரணி.

பார்த்தேன். ரோகிணிதான், நாள் முழுக்க. ஃபோனை வைக்கப் போனவள், என்ன நினைப்போ தெரியாது, என் பிறந்த திகதியையும் நேரத்தையும் அடித்தேன். காலை ஆறு நாற்பது, யாழ்ப்பாணம். அது கார்த்திகை என்று காட்டியது.

விசர் பிடித்த ஆப் என்று வேறொன்றை இறக்கினேன். அதுவும் கார்த்திகை. மூன்றாவதும் கார்த்திகை. அலுமாரியில் இருந்து என் சாதகத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். அதில் ஆறு இருபத்திரண்டுக்கு ரோகிணி தொடக்கம், ஆறு நாற்பதுக்குப் பிறப்பு என்று சாத்திரியாரின் அழகான எழுத்து. எங்கே பிழை? நேரம் எழுதியிருந்த ஆஸ்பத்திரித் துண்டைத் தேடி எடுத்த பிறகுதான் மண்டையில் அடித்தமாதிரி விளங்கியது. இந்த ஆப்களுக்கு எந்த நாட்டில் எந்த வருடம் மணிக்கூட்டை மாற்றினார்கள் என்பது தெரியும். ஆஸ்பத்திரி எழுதியது புது நேரம். சாத்திரியார் அதைப் பழைய நேரம் என்று எடுத்துக் கணித்திருக்கிறார். நான் பிறந்தபோது பழைய நேரத்தில் ஆறு பத்துத்தான் ஆகியிருந்தது. ரோகிணி தொடங்க இன்னும் பன்னிரண்டு நிமிடம் இருந்தது மாமா.

அம்மாவிடம் ஓடினேன். குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்.

"அம்மா, ஆஸ்பத்திரியிலை போட்டது புது நேரம்தானே?"

"ஓம். ஆஸ்பத்திரியிலை ஆர் பழைய நேரம் வைச்சிருந்தவை?"

"அப்ப சாத்திரியாரிட்டை என்ன நேரம் எண்டு சொன்னது?"

"எனக்கென்ன தெரியும்? பச்சை உடம்புக்காரி, நான் வீட்டிலை. மாமாவும் மாமியும்தான் துண்டைக் கொண்டு போனவை."

விஷயத்தைச் சொன்னேன். அம்மா துருவலை அப்படியே விட்டுவிட்டுக் குசினிப் படியில் இருந்து அழுதார். "என்ரை பிள்ளை, என்ரை பிள்ளை" என்று என் முகத்தைத் தேங்காய்ப்பூக் கையால் தடவினார். எனக்கு நெஞ்சு பஞ்சாகிவிட்டது. அந்த நிம்மதி ஒரு ஐந்து நிமிடம் நின்றிருக்கும், பிறகு கோபம் வந்தது.

"அந்தப் பன்னிரண்டு நிமிசம் இல்லாட்டி, நான்தான் மாமாவைக் கொண்டதெண்டு இருந்திருப்பியளோ?"

அம்மா தேங்காய்ப்பூக் கையைச் சேலையில் துடைத்தார். "நான் நம்பேல்லைப் பிள்ளை. நம்பாமலும் விடேல்லை. தம்பியெல்லே" என்றார். அம்மா அதை வாய்விட்டுச் சொன்னது எனக்குப் போதும் என்று பட்டது. அன்றைக்கு நான்தான் மிச்சத் தேங்காயைத் துருவினேன்.

அடுத்தநாள் காலை பஸ் எடுத்து நானும் அம்மாவும் சுன்னாகம் போனோம். மாமி விறாந்தையில் சுளகில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். துண்டையும் சாதகத்தையும் முன்னால் வைத்து நான் சொல்லச் சொல்ல, மாமியின் கை நின்றது.

"சாத்திரியார் கேட்டவர்" என்றார் மாமி.

"என்ன கேட்டவர்?"

"பழைய நேரமோ புது நேரமோ எண்டு. இவர் கையை நீட்டி மணிக்கூட்டைக் காட்டிக்கொண்டு, 'எங்களிட்டை எப்பவும் பழைய நேரம்தான்' எண்டவர். என்ன பெருமை! நான் பக்கத்திலை நிண்டனான். கலியாணம் முடிஞ்ச புதுசு, சைக்கிள் பாரிலை என்னை இருத்தித்தான் கூட்டிக்கொண்டு போனவர்."

கேட்டுக்கொள்ளுங்கள் மாமா. என்னை ரோகிணியில் பிறக்க வைத்தது நீங்கள்தான்! துண்டில் இருந்தது ஆஸ்பத்திரி நேரம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா? உங்கள் பிடிவாதத்தை அந்த ஒரு நாள் சட்டைப்பையில் போட்டிருக்கக்கூடாதா? அம்மா முதலில் சிரித்தார். பிறகு நான். பிறகு மாமியும் சிரித்தார். மாமி அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. சிரித்துக்கொண்டிருந்தவர் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கத் தொடங்கினார்.

வெங்காயத்துக்கு என்று நினைத்தேன்.

"நீ இல்லைப் பிள்ளை. நீ இல்லையெண்டு எனக்கு எப்பவோ தெரியும்" என்றார் மாமி. "ஆறு மாசமா நெஞ்சு நோகுது எண்டவர். பனையாலை இறங்கி வந்து கதிரையிலை சாஞ்சு கிடப்பார். நான் வாயு எண்டு இஞ்சி அவிச்சு அவிச்சுக் குடுத்தனான். டொக்டரிட்டைப் போவம் எண்டு நான் ஒருக்கா இழுத்துக்கொண்டு போயிருந்தா மனிசன் இருந்திருக்கும். ஆக்கள் ரோகிணி எண்டு சொல்ல, எனக்கு அது வசதியாப் போச்சு. உன்னைப் பாக்கேக்கையெல்லாம் எனக்கு அந்த இஞ்சிதான் மணக்கும். அதுதான் உன்னைத் தள்ளி வைச்சனான்."

பதினெட்டு வருடம் நான் ஒரு மூலையில் இருந்தேன், மாமி இன்னொரு மூலையில் இருந்திருக்கிறார், இருவருக்கும் ஒரே குற்றம். எழும்பிப் போய் மாமியின் காலடியில் இருந்தேன். "மாமி, இஞ்சி ஒருத்தரையும் கொல்லாது. மாமாவை டொக்டரிட்டைக் கொண்டுபோக ஆரால ஏலும்? மணிக்கூட்டையே மாத்தாத மனிசன்" என்றேன். மாமி என் தலையைப் பிடித்துத் தன் மடியில் அமர்த்திக்கொண்டார். வெங்காயத் தோலெல்லாம் என் தலையில்.

பிறகு நான் கேட்கத் துணிந்தேன். "அப்ப மாமி, இப்ப ஒரு டொக்டர் வியாழக்கிழமை எண்டு சொல்லுறார்."

மாமி மூக்கைச் சிந்திவிட்டு உள்ளே திரும்பிக் கூப்பிட்டார். "தாரணி, உடுப்புப் பையை அடுக்கு. வியாழக்கிழமையே போவம்."

வியாழக்கிழமை பின்னேரம் நீங்கள் அம்மப்பா ஆனீர்கள். பெண்பிள்ளை. தாயும் பிள்ளையும் சுகம். தண்ணீர் மிகவும் குறைந்துபோய் இருந்ததாம், இரண்டு நாள் விட்டிருந்தால் என்று டொக்டர் தொடங்கியவர், மாமியின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். நூறு வீதம் ரோகிணி, பழைய நேரத்திலும் ரோகிணி, புது நேரத்திலும் ரோகிணி. கஜன் வாசலில் தயங்கினான். சிரித்துக்கொண்டு திரிந்தவனுக்கும் அந்த நேரம் கால் கொஞ்சம் கூசியிருக்கவேண்டும். மாமிதான் அவன் முதுகில் கைவைத்துத் தள்ளினார்.

"போடா. உன்ரை மருமோள். நேரா முகத்தைப் பார்."

அவன் பார்த்தான். அவள் கொட்டாவி விட்டாள். வேறொன்றும் நடக்கவில்லை மாமா.

பொழுதுபட்டதும் மாமியும் நானும் தேத்தண்ணி குடிக்க ஆஸ்பத்திரி விறாந்தைக்கு வந்தோம். மேலே வளர்பிறை நிலா, அதற்குக் கிட்டவாகச் செம்மஞ்சளில் ஒரு புள்ளி. மாமி அண்ணாந்து பார்த்து, "உதுவோ அது?" என்றார்.

"ஓம் மாமி."

"உவ்வளவு சின்னனோ?" என்றார், கொஞ்சம் ஏமாந்தமாதிரி.

தூரத்தைச் சொன்னேன். இன்றைக்கு நாங்கள் பார்க்கிற வெளிச்சம் ஏறத்தாழ நீங்கள் பிறந்த காலத்தில் அங்கிருந்து கிளம்பியது என்றேன். மாமி கோப்பையை வைத்துவிட்டு இன்னொருமுறை பார்த்தார். ரோகிணியைச் சுற்றி வியாழனைவிடப் பெரிய கிரகம் ஒன்று ஓடுகிறதாம் என்ற கதையையும் சொன்னேன். நட்சத்திரம் மெல்ல ஆடுவதை வருடக்கணக்காக அளந்தார்கள். ஒன்றே முக்கால் வருடத்துக்கு ஒருமுறை சுற்றிவரும் கிரகம் ஒன்றுதான் பிடித்து ஆட்டுகிறது என்றார்கள். பிறகு வேறு ஆட்கள் இன்னும் நுணுக்கமாக அளந்துவிட்டு, கிரகம் இல்லாமலும் இருக்கலாம், நட்சத்திரமே தனக்குள் பொருமி அடங்குவதால்கூட அப்படித் தெரியலாம் என்கிறார்கள். இன்னும் முடிவாகவில்லை.

மாமி யோசித்தார். "அப்ப ஆடுறது தெரியுது. ஆர் ஆட்டுறது எண்டு தெரியேல்லை."

"ஓம்."

"வடிவாத் தெரியாமல் ஒண்டின்ரை தலையிலை போடக்கூடாதுதான்" என்றார். பிறகு என் கோப்பையையும் வாங்கித் தானே கழுவிக்கொண்டு வந்தார். மாமி என்னிடம் மன்னிப்புக் கேட்டது அவ்வளவுதான். எனக்கு அது தாராளம்.

இப்போது வீட்டுச் செய்திகள். அம்மா எனக்குத் தலை பின்ன வருகிறார், இந்த வயதில். மாமிக்குப் படியேறினால் மூச்சு வாங்குகிறது, வருகிற செவ்வாய் நானே கிளினிக்குக் கூட்டிப் போகிறேன், இஞ்சிக் கதைக்கே இடமில்லை. பள்ளிக்கூடத்தில் போன கிழமை பிள்ளைகளுக்கு ரோகிணியைக் காட்டினேன். "ரீச்சர், இதை ஏன் இவ்வளவு நாளும் காட்டேல்லை?" என்று ஒருத்தி கேட்டாள். மறந்துபோனேன் என்று பொய் சொன்னேன்.

ஒரு கேள்வி மட்டும் இன்னும் கிடக்கிறது. என் நட்சத்திரம் ரோகிணி என்று சாத்திரியார் சொன்னபோது உங்களுக்குப் பயமே வரவில்லையா? ஒரு நாள்கூட? நெஞ்சு நொந்த அந்த ஆறு மாதத்தில் என்னைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போகும்போது ஒருமுறையாவது நினைத்தீர்களா? நினைத்திருந்தாலும் பரவாயில்லை. நினைத்தும் ஏற்றிக்கொண்டு போயிருந்தால், அது இன்னும் பெரிது.

தாரணியின் மகள் வளருவாள். எங்கள் ஆட்களை எனக்குத் தெரியும், ஒரு கலியாண வீட்டிலோ செத்த வீட்டிலோ யாரோ ஒருத்தர் அவள் காதுபட அந்தச் சொல்லைச் சொல்லத்தான் போகிறார்கள். அதற்கு முன்னால் நான் சொல்லிவிடுவேன் மாமா. அவளுக்குக் கேள்வி கேட்கிற வயது வந்தவுடன் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய், அந்தச் செம்மஞ்சள் நட்சத்திரத்தை முதலில் நானே காட்டுவேன். அவள், "நானோ?" என்று கேட்டால், தலையைப் பின்னிவிட மாட்டேன். இல்லை என்று வாய்திறந்து சொல்லுவேன். எத்தனை தரம் கேட்டாலும் அத்தனை தரமும் சொல்லுவேன். இது உங்களுக்கு நான் தருகிற வாக்கு.

இப்படிக்கு,
உங்களை ஒன்றுமே செய்யாத
உங்கள் மருமகள்
அபிராமி